தோற்றுப்போன மீனுக்கு ஓட இடம் வேண்டும்: ஆப்பிரிக்கன் சிக்லிட் வளர்க்க ஆரம்பிப்பவர்களுக்கு

பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் 2 அடி மீன் தொட்டி ஒன்று வைத்திருந்தேன். மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று கலர் கலராக ஆறு ஆப்பிரிக்கன் சிக்லிட் மீன் குட்டிகளை ஒரு கடையில் வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. "எல்லாத்தையும் ஒண்ணாப் போடலாமா அண்ணா?" என்று கேட்டதற்கு, "சின்னதுங்கதானே, ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லைதான். நான்காவது மாதம், மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்டிருந்த ஒரு மீன் மெல்ல மெல்லக் கறுத்தது. பக்கவாட்டில் மட்டும் வெளிறிய கோடு. அது ஆரட்டஸ் வகையில் ஆண் மீன் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த மாதக் கடைசியில் தொட்டியில் இரண்டு மீன் மிச்சம்.

கடைசியாகச் செத்த மஞ்சள் மீன் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியில், தலையை மேலே வைத்து, அசையாமல் நின்றது. வால் துடுப்பு கிழிந்து குச்சி குச்சியாக இருந்தது. தீனி போட்டால்கூட வெளியே வரவில்லை. ஏதோ நோய் என்று நினைத்து மருந்து வாங்க ஓடினேன். நோயே இல்லை. அதற்கு ஓட இடம் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகிற எல்லாமே அந்த இரண்டு விரல் இடைவெளியிலிருந்து கற்றுக்கொண்டது. தொட்டியின் நீளம், கல் அடுக்குவது, எத்தனை மீன், எந்த வரிசையில் விடுவது, தீனியை எங்கே தூவுவது என்று எதைப் பற்றி முடிவெடுத்தாலும், "அடி வாங்கிய மீன் எங்கே போகும்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதுகள் ஏன் அப்படி இருக்கின்றன

நம் ஊர் ஏரிகளில் கிடைக்கும் ஜிலேபி மீன் எல்லோருக்கும் தெரியும். அதுவும் ஆப்பிரிக்கன் சிக்லிட் குடும்பம்தான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கடையில் கலராகப் பார்க்கிற மீன்கள் அதன் தூரத்துச் சொந்தங்கள். அவற்றில் பெரும்பாலானவை மலாவி ஏரியைச் சேர்ந்தவை. மலாவி, மொசாம்பிக், தான்சானியா மூன்று நாடுகளுக்கும் நடுவே சுமார் 580 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற ஏரி அது. சென்னையில் ஏரி தொடங்கினால் மதுரையைத் தாண்டிப் போகும். ஆழம் 700 மீட்டர் வரை. அந்த ஒரே ஏரியில் நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள், வேறு எங்கும் இல்லாதவை, இருக்கின்றன. அதன் தென்கோடியில் உள்ள தேசியப் பூங்காவை 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

ஏரிக்கரை ஓரப் பாறைகளில் வாழ்கிற சிக்லிட்களை அந்த ஊர்க்காரர்கள் 'ம்புனா' என்கிறார்கள். கல் மீன் என்று பொருள். பாறை மேல் படிந்த பாசியையும் அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்களையும் சுரண்டித் தின்கின்றன. ஒரு ஆண் மீனுக்கு ஒரு பொந்து, அதைச் சுற்றிக் கொஞ்சம் பாறை. அதுதான் அதன் சொத்து. பக்கத்தில் இன்னொரு ஆண் வந்தால் துரத்தும். வந்தவன் நாலு பாறை தள்ளிப் போனதும் விட்டுவிடும். ஏரியில் கதை அங்கேயே முடிகிறது. தொட்டியில் நாலு பாறை தள்ளிப் போக முடியாது. துரத்துகிற மீன் விடுவதற்குக் காரணமே கிடைப்பதில்லை. மீனின் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை; இடம் சுருங்கியதுதான் பிரச்சினை.

தொட்டி: உயரம் வேண்டாம், நீளம் வேண்டும்

முதல் தொட்டியே 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும். சுமார் 255 லிட்டர் பிடிக்கும். இதற்குக் கீழே ம்புனா வைக்க வேண்டாம் என்றுதான் புதியவர்களிடம் சொல்வேன். 3 அடியில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பல வருடம் கை பழகியவர்களுக்கு அது சரி. வரவேற்பறை அழகுக்கென்று சிலர் 2 அடி நீளத்தில், 2 அடி உயரத்தில் செய்து வைக்கிறார்கள். அந்த உயரத்தால் துரத்தப்படுகிற மீனுக்கு ஒரு லாபமும் இல்லை. அது ஓடுவது குறுக்கே.

எடையை யோசியுங்கள். தண்ணீர் மட்டும் 255 கிலோ. கண்ணாடி, கல், மணல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 400 கிலோ பக்கம் வந்துவிடும். வாடகை வீடு, அதுவும் மாடி என்றால், வீட்டு ஓனரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அறையின் நடுவில் வைக்காமல், கீழே பீம் போகிற சுவரை ஒட்டி வையுங்கள். கண்ணாடி 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 10 என்றால் நிம்மதி. ஸ்டாண்டுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு தெர்மகோல் ஷீட் கட்டாயம். மேலே மூடியும் வேண்டும், துரத்தலில் மீன் வெளியே குதித்துவிடும். காலையில் எழுந்து தரையில் காய்ந்து கிடக்கிற மீனைப் பார்ப்பது போல வேதனை இல்லை.

ஃபில்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். நெருக்கமாக மீன் விடப்போகிறோம், அழுக்கும் அதிகம். ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் முழுக்க எட்டு முதல் பத்து முறை சுற்றி வர வேண்டும். இந்த அளவுத் தொட்டிக்கு மணிக்கு 2000 லிட்டருக்கு மேல் இறைக்கிற கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கிற மூடிய டப்பா) அல்லது சம்ப் (கீழே தனித் தொட்டியில் ஓடுவது) ஃபில்டர், கூடவே ஒரு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஸ்பாஞ்ச் எதற்கென்றால், கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்பை அதில் மாட்டிவிடலாம். காற்றும் கிடைக்கும், மீன் கழிவைச் சிதைக்கிற நல்ல பாக்டீரியாவும் சாகாது.

பெங்களூருக்கு ஹீட்டர் தேவையா என்று கேட்பார்கள். தேவை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளியே 15 டிகிரிக்கு இறங்கும். 300 வாட்டில் ஒன்று வைப்பதைவிட 150 வாட்டில் இரண்டு வையுங்கள், தொட்டியின் இரண்டு முனைகளிலும். ஒன்று பழுதானாலும் மீன் வெந்தோ விறைத்தோ போகாது. 25 டிகிரியில் நிறுத்துங்கள். சூடு ஏற ஏற இதுகளின் வேகமும் முட்டையிடும் ஆசையும் கூடும், சண்டையும் கூடவே ஏறும்.

கல் அடுக்குவது

இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒதுக்குங்கள்.

பெங்களூரில் கல்லுக்குப் பஞ்சமே இல்லை. கட்டடம் கட்டுகிற இடங்களில் உடைந்த கருங்கல் கிடக்கும்; கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கருங்கல் தண்ணீரில் எதையும் கரைய விடாது. வேறு எந்தக் கல்லானாலும் அதன் மேல் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. மற்ற மீன்களுக்கு அது ஆகாது, மலாவி மீனுக்கு நல்லது. துரு போலச் சிவப்புக் கறையோ, உலோகம் போல மின்னுகிற கோடோ இருக்கும் கல் மட்டும் வேண்டாம். நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பிறகு எடுங்கள்.

கல்லை முதலில் வைக்க வேண்டும், மணலை அப்புறம். இதை மாற்றிச் செய்தால் ஆபத்து. ம்புனா மண்ணைத் தோண்டிக்கொண்டே இருக்கும். மணலுக்கு மேல் நிற்கிற கல்லுக்கு அடியில் பள்ளம் பறித்து, ஒரு நாள் ராத்திரி கல் சரிந்து கண்ணாடி மேல் விழும். என் நண்பர் வீட்டில் அப்படித்தான் அடிக்கண்ணாடி விரிசல் விட்டு, விடிவதற்குள் ஹால் முழுக்கத் தண்ணீர். அடியில் ஒரு பிளாஸ்டிக் கட்டம் போட்ட ஷீட்டை விரித்து, அதன் மேல் பெரிய கற்களை ஆட்டிப் பார்த்து உட்கார வைத்து, பிறகு இடைவெளிகளில் மணலைத் தூவுங்கள். எம்-சாண்ட் வேண்டாம், கூரான கல் தூள் அது, இந்த மீன்கள் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே விடுகிற பழக்கம் உள்ளவை. மீன் கடையில் கிடைக்கும் உருண்ட மணல் போதும்.

எப்படி அடுக்குவது? தொட்டியின் இந்த முனையில் நிற்கும் மீனுக்கு அந்த முனை தெரியக் கூடாது. இதுதான் கணக்கு. ஒரே குவியலாக மலை மாதிரி வைத்தால் பார்க்க அழகுதான். ஆனால் ஒரு மலை என்றால் ஒரு ராஜாதான். மூன்று தனிக் குவியல்களாகப் பிரித்து, தண்ணீரின் முக்கால் உயரம் வரை ஏற்றுங்கள். ஒவ்வொரு குவியலிலும் நாலைந்து பொந்து. முக்கியமாக, ஒவ்வொரு பொந்துக்கும் இரண்டு வாசல். ஒரு வாசல் மட்டும் உள்ள குகை அடி வாங்குகிற மீனுக்கு ஒளியும் இடம் ஆகாது, பொறி ஆகும். துரத்துகிற மீன் வாசலில் நின்றுகொண்டால் உள்ளே இருப்பதன் கதி அதோகதி. விரல்களை ஒவ்வொரு பொந்துக்குள்ளும் விட்டுப் பாருங்கள். மறுபக்கம் வெளியே வர வேண்டும்.

அகலம் வேறு வேறாக இருக்கட்டும். சில பொந்துகள் பெரிய ஆண் நுழைய முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்தால் பெண்களும் குட்டிகளும் பிழைக்கும். கல் போதவில்லை என்றால் அடி உடைந்த மண் பூந்தொட்டி, பிவிசி பைப் துண்டுகள் எல்லாம் உதவும். மேல்மட்டத்திலும் மறைவு வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தோற்ற மீன் மேலேதான் ஓடும். பின்கண்ணாடி ஓரம் தண்ணீர்மட்டத்துக்கு அருகில் இரண்டு பைப் துண்டைப் படுத்தபடி கட்டிவிட்டேன். தினமும் யாராவது ஒரு மீன் அதற்குள் இளைப்பாறிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன்.

தண்ணீர்

மலாவி ஏரித் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, பிஎச் 7.7 முதல் 8.8 வரை. கடினத்தன்மை நடுத்தரம். பெங்களூரில் இது ஒரு வகையில் அதிர்ஷ்டம். போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அந்த உப்புதான் இந்த மீன்களுக்கு வேண்டியது. காவிரித் தண்ணீர் அதைவிட மென்மை, குளோரினும் இருக்கும். இரண்டும் வருகிற வீடு என்றால் போர்வெல்லைப் பயன்படுத்துங்கள். ஆனால் நேராகக் குழாயிலிருந்து ஊற்ற வேண்டாம். ஆழத்திலிருந்து வருகிற தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருக்கும், அதனால் பிஎச் தாழ்வாகக் காட்டும். ஒரு டிரம்மில் பிடித்து 24 மணி நேரம் ஏர் பம்ப் ஓடவிட்டால் பிஎச் அதன் உண்மையான அளவுக்கு ஏறிவிடும்.

அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல இடங்களில் போர்வெல் தண்ணீரை சாஃப்ட்னர் வழியாக விடுகிறார்கள். அந்த இயந்திரம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு சோடியத்தைப் போடுகிறது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரில் நம்பர் அதிகமாகத்தான் தெரியும், மீனுக்கு வேண்டியது மட்டும் அதில் இருக்காது. பராமரிப்பு ஆளிடம் கேட்டு, சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் இருக்கிறதா என்று பாருங்கள்.

காவிரித் தண்ணீரை மட்டுமே நம்பி இருப்பவர்கள் ஃபில்டருக்குள் ஒரு வலைப்பையில் கிளிஞ்சல் போடலாம். கோழித் தீவனக் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும். பவளத் துண்டு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுவது. சட்டத்தை விட்டாலும், நம் கடலைச் சுரண்டி வளர்க்கிற மீன் நமக்கு வேண்டாம். காரத்தாங்குதிறனை, அதாவது பிஎச் சட்டென்று இறங்காமல் தாங்குகிற சக்தியை, ஏற்ற சமையல் சோடா போதும். 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் என்பது பொதுவான அளவு. தொட்டியில் நேராகக் கொட்டாமல், மாற்றப்போகிற புதுத் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரின் அளவுக்கு மட்டும் கணக்கிட்டுச் சேருங்கள்.

2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, நகரமே டேங்கர் லாரியை நம்பி இருந்தபோது நான் கற்றது இன்னொன்று. ஒவ்வொரு லாரியும் ஒவ்வொரு கிணற்றிலிருந்து வருகிறது; ஒரு வாரத் தண்ணீர் போல மறு வாரத் தண்ணீர் இருக்காது. அந்த மாதிரி நேரத்தில் பாதித் தொட்டியை ஒரே அடியாக மாற்றக் கூடாது. இரண்டு நாளைக்கு ஒரு முறை பத்து சதவீதம் என்று கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். எடுத்த தண்ணீர் முழுக்க மாடிச் செடிகளுக்குப் போனது. அந்த வருடம் கறிவேப்பிலை தழைத்த மாதிரி வேறு எப்போதும் தழைத்ததில்லை.

தண்ணீர் நிரப்பியதும் மீன் விட முடியாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்குகிற பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடுங்கள். ஃபில்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். சொட்டு மருந்து மாதிரி வருகிற டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். தெரிந்தவர் யாராவது நல்ல தொட்டி வைத்திருந்தால் அவர்கள் ஃபில்டரிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்குங்கள், நாள் பாதியாகக் குறையும். மற்ற மீன் வளர்ப்பவர்களைவிட நாம் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிஎச் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். 7இல் தாங்குகிற அளவு 8.3இல் கொன்றுவிடும்.

எந்த மீன், எத்தனை

சிவாஜிநகரில் ரசல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள வளர்ப்பு மீன் கடைகளில் ஒரு சாயங்காலம் சும்மா நடந்து பாருங்கள். முதல் நாள் வாங்காதீர்கள், பாருங்கள். சென்னைக் கொளத்தூரிலிருந்தும் மீன்கள் இங்கே வரும். 'மிக்ஸ் ஆப்பிரிக்கன்' என்று ஒரே தொட்டியில் பத்துக் கலரில் நீந்துகிற குட்டிகள்தான் விலை மலிவு. அதுதான் எனக்கு நடந்த தப்பு. எது என்ன இனம் என்று தெரியாது, பாதி கலப்பினம், எது பெரிதாகி என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு அங்குலம்கூட இல்லாத குட்டி பெரிய ஆண் மீன் போலப் பளபளவென்று இருந்தால் ஹார்மோன் கொடுத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து சில வாரத்தில் வெளுத்துவிடும்.

புதியவர்களுக்கு நான் சொல்கிற கூட்டம் இது: எலக்ட்ரிக் யெல்லோ ஆறு, ரஸ்டி ஆறு, யெல்லோ டெயில் ஏசி ஆறு. மொத்தம் பதினெட்டு. மூன்றும் ம்புனாதான், ஆனால் அந்த வகையிலேயே அடக்கமானவை. மூன்றும் நிறத்தில் வேறு வேறு: ஒன்று எலுமிச்சை மஞ்சள், ஒன்று ஊதா கலந்த செம்பழுப்பு, ஒன்று நீல உடம்பில் மஞ்சள் வால். நிறம் முக்கியம். ஒரு ஆண் தன்னைப் போலத் தோன்றுகிற மீனைத்தான் முதல் எதிரியாக நினைக்கும். ஒரே மாதிரிக் கோடு போட்ட இரண்டு இனங்களை ஒன்றாக வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. எலக்ட்ரிக் யெல்லோவுடன் ரெட் ஜீப்ரா என்கிற இன்னொரு ம்புனா வேண்டாம் என்பதற்கு வேறு காரணம்: இரண்டும் கலந்து குட்டி போடும், பிறகு இனம் கெட்டுவிடும்.

ஆரட்டஸ், கென்யி இரண்டையும் முதல் தொட்டியில் தொடாதீர்கள். கென்யி குட்டியில் அழகான நீலம். ஆண் வளர்ந்ததும் மஞ்சளாக மாறி தொட்டியையே தன் பேரில் எழுதிக்கொள்ளும். டெமசோனி என்கிற சின்ன நீலக் கோட்டு மீனைப் பார்த்து எல்லோரும் மயங்குவார்கள். ஒன்றே ஒன்று வைக்கலாம், அல்லது பன்னிரண்டுக்கு மேல் வைக்கலாம். நாலைந்து வைத்தால் கடைசியில் ஒன்றுதான் இருக்கும். அதே ஏரியின் இன்னொரு சிக்லிட்டான பீகாக் வகைகளை ம்புனாவோடு கலப்பதும் வேண்டாம். பீகாக் சாது, சாப்பாடும் வேறு.

பதினெட்டு மீன் நெருக்கம் இல்லையா என்று என் அம்மாவே கேட்டார். நெருக்கம்தான், வேண்டுமென்றே செய்வது. நாலு மீன் இருந்தால் பலமான ஆண் ஒன்றைக் குறிவைத்து ஓயாமல் துரத்தும். பதினெட்டு இருந்தால், துரத்தத் தொடங்கிய மூன்றாவது நொடியில் வேறு ஒரு மீன் குறுக்கே வரும், கவனம் திரும்பும். கோபம் எல்லோருக்கும் பங்காகிப் போகிறது, ஒருவருக்கும் உயிர் போகிற அளவு சேர்வதில்லை. இதற்குக் கொடுக்கிற விலைதான் பெரிய ஃபில்டரும் வாராவாரம் தண்ணீர் மாற்றுவதும். அந்த விலையைக் கொடுக்க முடியாதவர்கள் நெருக்கமாக விடக் கூடாது.

ஆண் ஒன்றுக்குக் குறைந்தது மூன்று பெண் இருக்க வேண்டும். குறைந்தால் இருக்கிற ஒரே பெண்ணை ஆண் துரத்தியே கொன்றுவிடும். குட்டியில் ஆண் பெண் தெரியாது. வயிற்றுக்கு அடியில் வாலை ஒட்டிய துடுப்பில் இருக்கும், முட்டை போன்ற மஞ்சள் பொட்டை வைத்துச் சொல்வார்கள். பெண்ணுக்கும் அது வருவதுண்டு, நம்ப வேண்டாம். குட்டிகளாக ஒவ்வொரு இனத்திலும் ஆறு முதல் எட்டு வாங்கி, வளர வளர அதிகமான ஆண்களை எடுத்துக் கடையில் திருப்பிக் கொடுங்கள். அதற்கு ஒத்துக்கொள்கிற கடையிலேயே வாங்குங்கள். ஒரு போதும் ஏரியில் விடாதீர்கள், அல்சூர் ஏரியானாலும் எந்தக் குட்டையானாலும். ஜிலேபி நம் நீர்நிலைகளில் பரவிக் கிடப்பதைப் பார்த்தாலே ஏன் என்று புரியும்.

விடும் நாள்

பதினெட்டையும் ஒரே நாளில் விடுவது நல்லது. முதலில் வந்தவன் வீட்டைப் பிடித்துக்கொள்வான். பின்னால் வருகிற ஒவ்வொருவரும் அவனுக்குத் திருடன். எல்லோரும் ஒன்றாக வந்தால் எல்லோருக்கும் அது புது ஊர். இதற்கு ஃபில்டரும் தயாராக இருக்க வேண்டும். விட்ட பிறகு இரண்டு வாரம் தினமும் டெஸ்ட் எடுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும்.

பையைத் தொட்டியில் பதினைந்து நிமிடம் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் வர வேண்டாம். லைட்டை அணைத்துவிடுங்கள். மறுநாள் காலை வரை போடாதீர்கள்.

பின்னாளில் ஒரு மீன் சேர்க்க வேண்டி வந்தால், முதலில் இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்து நோய் இல்லை என்று பாருங்கள். அப்புறம் ராத்திரி லைட் அணைந்ததும் எல்லாக் கற்களையும் எடுத்து வேறு மாதிரி அடுக்குங்கள். கை முழங்கை வரை நனைகிற வேலை, ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் பலன் உண்டு. காலையில் பழைய மீன்கள் எல்லாம் தன் பொந்தைத் தேடி அலையும். யாருக்கும் சொத்து இல்லை. புது மீனைக் கவனிக்க நேரமும் இல்லை. ஒரு மீனாக விடாமல் மூன்று நான்காக விட்டால் இன்னும் நல்லது.

தீனி

ம்புனாவின் குடல் நீளம், பாசி தின்பதற்கென்று அமைந்தது. ஸ்பைருலினா பாசி கலந்த பெல்லட்தான் அன்றாடச் சாப்பாடு. வாரத்துக்கு ஒரு முறை கொதிநீரில் போட்டு எடுத்த பசலைக்கீரை அல்லது தோல் உரித்த பட்டாணி. ரத்தப்புழு, டியூபிஃபெக்ஸ் புழு, ஆட்டு ஈரல் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஆசையாகத் தின்னும், பிறகு வயிறு வீங்கும். மலாவி ப்ளோட் என்று இதற்குப் பேர். தீனியை வாயில் வாங்கித் துப்புவது, ஒதுங்கி நிற்பது, வெள்ளையாக நூல் போலக் கழிவு தொங்குவது ஆகியவை முதல் அறிகுறிகள். வயிறு வீங்கிய பிறகு காப்பாற்றுவது கடினம். தீனியை நிறுத்தி, தண்ணீரை மாற்றி, மீனைத் தனியாக எடுத்து மெட்ரோனிடசோல் கொடுப்பது வழக்கம். மருந்தின் அளவை மீன் வைத்தியம் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. தொட்டியின் இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் தூவுங்கள். ராஜா ஒரு முனையைத்தான் காவல் காக்க முடியும்.

சண்டையைப் படிப்பது

தினமும் பத்து நிமிடம் தொட்டி முன்னால் உட்காருங்கள், போனை வைத்துவிட்டு. இரண்டு ஆண்கள் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, துடுப்பை விரித்து நடுங்குவது சகஜம். வாயோடு வாய் கவ்வி இழுப்பதும் சில நொடிகளில் முடிந்தால் சகஜம். துரத்திவிட்டு, அதுவாகத் திரும்பித் தன் பொந்துக்குப் போனால் கவலை வேண்டாம்.

ஒரே மீனை நாள் முழுக்க, அது ஒதுங்கிய பிறகும் தேடிப் போய் அடித்தால் அது வேறு. அடி வாங்குகிற மீனைப் பாருங்கள்: நிறம் மங்கும், துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும், மேல் மூலையிலோ ஹீட்டருக்குப் பின்னாலோ நிற்கும், தீனிக்கு வராது. இதைப் பார்த்தால் அன்றைக்கே எடுங்கள். நாளை பார்க்கலாம் என்று நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு முறையும் ஒரு மீனை இழந்திருக்கிறேன். 20 லிட்டர் டப்பா, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், சின்ன ஹீட்டர் எப்போதும் தயாராக இருக்கட்டும். ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியிலேயே போட்டு வைத்தால் எந்த நேரமும் பாக்டீரியா குடியேறியதாக இருக்கும். அடிபட்ட மீனுக்குச் சுத்தமான தண்ணீரும் அமைதியும்தான் பெரிய மருந்து. துடுப்பு திரும்ப வளரும்.

அடித்தவனையும் எடுத்து ஒரு வாரம் தனியாக வைக்கலாம். அந்த வாரத்தில் அவன் பொந்தை வேறொருவன் பிடித்திருப்பான். திரும்ப விடும்போது அவன் புதியவன். பாதி முறை இது வேலை செய்கிறது. இரண்டு தடவை செய்தும் திருந்தாத ஆணை, எவ்வளவு அழகாக இருந்தாலும், கடையில் கொடுத்துவிடுங்கள்.

வாரத்துக்கு ஒரு முறை 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், சைஃபன் (தண்ணீரை உறிஞ்சி எடுக்கிற குழாய்) போட்டுக் கல் இடுக்கில் தங்கும் அழுக்கோடு. நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் இருந்தால் சரி. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்துவிட்டு மாட்டுங்கள்.

வாய் நிறைய முட்டை

ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள், ஒரு பெண் மீன் தீனிக்கு வராமல் பொந்தில் நிற்கும். நோய் என்று பயப்படாதீர்கள், தாடையைப் பாருங்கள். கீழ்த்தாடை பை போலத் தொங்கும், எதையோ மெல்வது போல வாய் அசைந்துகொண்டே இருக்கும். முட்டைகளை வாய்க்குள் புரட்டிக் காற்றோட்டம் கொடுக்கிறது. சுமார் மூன்று வாரம் ஒன்றும் தின்னாமல் இப்படியே இருக்கும். அந்த நாட்களில் வேறு யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்கத்தான் அந்தச் சின்னப் பொந்துகள்.

குட்டிகளைக் காப்பாற்ற ஆசைப்பட்டால், இரண்டு வாரம் கழித்து ராத்திரியில் மெதுவாக வலையால் பிடித்து, 20 லிட்டர் டப்பாவுக்கு மாற்றுங்கள். துரத்திப் பிடித்தால் பயத்தில் துப்பிவிடும். துப்பிய பிறகு தாய்க்கு இரண்டு நாள் அங்கேயே சாப்பாடு போட்டுத் தேற்றி அனுப்புங்கள். மெலிந்த உடம்போடு நேராகப் பெரிய தொட்டிக்குப் போனால் எல்லோரும் அதைத்தான் அடிப்பார்கள். குட்டிகளுக்குப் பெல்லட்டைப் பொடித்துப் போட்டால் போதும், பிறந்தவுடனே தின்னும்.

பிடிக்க மனம் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒரு குவியலின் அடியில் கைப்பிடி அளவு கூழாங்கல்லைக் கொட்டி வையுங்கள். நான் இப்போதெல்லாம் அப்படித்தான். போன மாதம் தண்ணீர் மாற்றும்போது சைஃபனை அந்தக் கூழாங்கல் பக்கம் கொண்டுபோனேன். இடுக்கிலிருந்து அரிசி நீளத்தில் ஒரு மஞ்சள் குட்டி எட்டிப் பார்த்து, பெரிய ஆணின் நிழல் விழுந்ததும் சட்டென்று பின்வாங்கிக் கல்லுக்கடியில் போய்விட்டது. சைஃபனை எடுத்துவிட்டேன்.